முடிவெடுக்கும் வயதின் நாவல்கள்

எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது கத்திக்குத்தோ, தேவாலயம் தீப்பிடிப்பதோ அல்ல. இரண்டு பையன்கள் முடி வெட்டிக்கொள்ளும் இடம்தான் வருகிறது. போனிபாய்க்கு 14 வயது, ஜானிக்கு 16. ஊரின் ஏழைப் பக்கத்துப் பையன்கள். பணக்கார வீட்டுப் பையன்கள் சிலர் பூங்கா நீரூற்றில் போனிபாயின் தலையைப் பிடித்து அமுக்க, ஜானி கத்தியை எடுத்துவிடுகிறான், ஒருவன் செத்துப்போகிறான். சரக்கு ரயிலேறித் தப்பி, குன்றின் மேலிருக்கும் பாழடைந்த தேவாலயமொன்றில் இருவரும் ஒளிந்துகொள்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடாதென்று முடியை வெட்டியாக வேண்டும். அந்தப் பையன்களிடம் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. எண்ணெய் தடவி நீளமாக வளர்த்த தலைமுடி ஒன்றுதான் அவர்களுடைய பெருமை. அதை ஜானியின் கத்தியாலேயே அறுக்கிறார்கள். போனிபாயின் முடியை வெளுக்கவும் வைக்கிறார்கள். தன் முகத்தைப் பார்க்கும்போது அவனுக்குத் தான் வயது குறைந்தவனாகவும் பயந்தவனாகவும் தெரிகிறது. நாவலின் பல பக்கங்கள் மங்கிவிட்டன. கத்தியால் அறுபடும் அந்த முடி மட்டும் மங்கவில்லை.

ஏன் அது மட்டும் நிற்கிறது என்று யோசித்ததிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. பதின்பருவத்து நாவல்களை வாசித்த நினைவைக் கிளறிப்பார்த்தால் எதிலும் கதை முழுதாக மிஞ்சியிருப்பதில்லை. நீதி மிஞ்சுவதே இல்லை. ஏதோ ஒரு பிள்ளை, அருகில் பெரியவர்கள் யாரும் இல்லாத நேரத்தில், திரும்பப் பெறமுடியாத ஒரு முடிவை எடுக்கும் தருணம் மிஞ்சுகிறது. அதனால் யாருக்காவது இளையோர் நாவலைப் பரிந்துரைக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த நாவலில் இளையவர் தனியாக ஒரு முடிவை எடுக்கிறாரா, அதற்கான விலையையும் அவரே கொடுக்கிறாரா? இந்த இரண்டும் இருந்தால் புத்தகத்தைக் கொடுக்கலாம். அட்டையில் எந்த வயது போட்டிருக்கிறது, என்ன நீதி சொல்கிறது, எத்தனை விருது வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நம் வீடுகளில் கேள்வி வழக்கமாக வேறு மாதிரி வருகிறது. 'பெண்ணுக்குப் பதின்மூன்று நடக்கிறது, நல்ல கருத்துள்ள புத்தகமாகச் சொல்லுங்கள்' என்கிறார்கள். வயதையும் கருத்தையும் மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்கும் புத்தகத்தை அந்தப் பெண் இரண்டு அத்தியாயத்தோடு மூடிவைத்துவிடுவாள்.

வயது என்னும் அடையாளச்சீட்டு எப்படி வந்தது என்று பார்த்தாலே அதை முழுதாக நம்பமுடியாது என்பது புரியும். இளையோருக்கென்று தனிப்பிரிவு வேண்டுமென்று முதலில் முனைந்தவர்களில் அமெரிக்க நூலகர்கள் முக்கியமானவர்கள். அங்கே நூலகச் சங்கத்தில் இதற்கென்றே ஒரு கிளை 1957இல் அமைந்தது. பத்து ஆண்டு கழித்து 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' வெளியானபோது அதை எழுதியவருக்கே 18 வயதுதான். ஓக்லஹோமா மாநிலத்து துல்சா நகரில் பள்ளியில் படித்துக்கொண்டே எழுதிய நாவல். தன் வயதுக்காரர்களின் உண்மையான வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் எதுவும் கண்ணில் படாததால் தானே எழுதியதாக ஹின்டன் சொல்லியிருக்கிறார். பையன்களின் சண்டையை ஒரு பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் மதிக்கமாட்டார்கள் என்று பதிப்பகத்தார் கருதியதால் முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் வந்தன. இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது 1988இல் தொடங்கப்பட்டபோது முதல் விருது அவருக்குத்தான் போனது. பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்ததால் மட்டும் உருவான துறை இல்லை இது. ஒரு பிள்ளையே எழுதி நிலைநிறுத்தியது. பிற்பாடு அந்தச் சீட்டு விற்பனைக்குரியதாகவும் ஆனது. மார்கஸ் ஸூசாக்கின் 'தி புக் தீஃப்' ஆஸ்திரேலியாவில் 2005இல் பெரியவர்களுக்கான நாவலாக வெளிவந்தது; மறு ஆண்டு அமெரிக்காவில் அதே நாவல் இளையோர் நாவலாக வந்தது. கடல் தாண்டியதும் வாசகரின் வயது மாறிவிட்டது.

முடிவும் விலையும் எப்படி இணைகின்றன என்பதை லோயிஸ் லோரியின் 'தி கிவர்' அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய நாவலை நான் வாசித்ததில்லை. 1993இல் வந்தது, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. வலி இல்லாத, பசி இல்லாத, நிறங்கள்கூட இல்லாத ஒரு சமூகம். யாருக்கு என்ன வேலை, யாருக்கு யார் துணை, எந்த வீட்டுக்கு எந்தக் குழந்தை என்பதையெல்லாம் குழு தீர்மானித்துவிடும். 12 வயதாகும் ஜோனாஸுக்குக் கிடைப்பது, அந்தச் சமூகம் தூக்கியெறிந்த பழைய நினைவுகளையெல்லாம் ஒரு முதியவரிடமிருந்து வாங்கிச் சுமக்கும் வேலை. அவன் அப்பா பச்சைக் குழந்தைகளைப் பராமரிப்பவர், மென்மையானவர். இரட்டைக் குழந்தை பிறந்தால் எடை குறைந்ததை 'விடுவித்து' விடுவார்கள் என்று வீட்டில் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். விடுவிப்பது என்றால் என்னவென்று ஜோனாஸ் ஒருநாள் ஒளிப்பதிவில் பார்க்கிறான். அப்பா அந்தச் சிசுவிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசியபடியே ஊசி போடுகிறார். குழந்தை அடங்கிவிடுகிறது. அட்டைப்பெட்டியில் வைத்துச் சுவரிலுள்ள திறப்பில் தள்ளிவிட்டு, அதே கொஞ்சும் குரலில் விடை கொடுக்கிறார். லோரி இந்த இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. வீட்டில் வளரும் கேப்ரியல் என்ற குழந்தைக்கும் அதே கதி என்று தெரிந்ததும் ஜோனாஸ் இரவோடிரவாகக் கிளம்புகிறான். தன் சைக்கிளை விட்டுவிட்டு அப்பாவின் சைக்கிளை எடுக்கிறான், அதில்தான் பின்னால் குழந்தை இருக்கை இருக்கிறது. புரட்சி, விடுதலை என்று ஆயிரம் பக்கம் எழுதினாலும் அந்தக் குழந்தை இருக்கை தரும் உறுதி வராது. அவன் பிழைத்தானா இல்லையா என்று நாவல் திட்டமாகச் சொல்லாமலே முடிகிறது. அதே உலகில் இன்னும் மூன்று நாவல்களை லோரி பிறகு எழுதினார். ஆனால் முதல் நாவலைப் படித்தவுடன் அவற்றைத் தேடி ஓடவேண்டாம் என்பேன். பனிமலைச் சரிவில் நிற்கும் அந்தக் கேள்வியோடு சில காலம் இருப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

முடிவு என்றால் ஓடிப்போவதும் சண்டை போடுவதும் மட்டுமே என்று நினைக்க வேண்டியதில்லை. பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலில் 13 வயது கானர் எடுக்கும் முடிவு, ஓர் உண்மையை வாய்விட்டுச் சொல்வது மட்டும்தான். அம்மாவுக்குப் புற்றுநோய். இரவு 12.07க்கு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் யூ மரம் ராட்சச உருவெடுத்து வந்து கதை சொல்கிறது. மூன்று கதைகளை நான் சொல்வேன், நான்காவதை நீ சொல்லவேண்டும், அது உன் உண்மையாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கானரின் உண்மை என்ன? அம்மா பிழைக்கவேண்டுமென்று உயிரையே வைத்திருக்கும் அதே பிள்ளை, இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்றும் உள்ளுக்குள் நினைத்துவிட்டான். அந்த நினைப்பே தன் குற்றம் என்று நம்பி, தண்டனைக்காக ஏங்குகிறான். நீண்டநாள் நோயாளி இருந்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் இது தெரிந்த உண்மை, ஆனால் நம் துக்கவீடுகளில் இதைச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை. இந்நாவலின் கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. மார்பகப் புற்றுநோயால் 2007இல் அவர் 47 வயதில் இறந்தபோது அது எழுதப்படாமல் நின்றது. நெஸ் அதை வாங்கித் தன் நாவலாக எழுதினார், ஜிம் கே கறுப்பு வெள்ளையில் படங்கள் வரைந்தார். எழுத்துக்கான கார்னகி பதக்கமும் ஓவியத்துக்கான கிரீனவே பதக்கமும் ஒரே புத்தகத்துக்குக் கிடைத்தது 2012இல் இதற்குத்தான் முதல் முறை.

இங்கேதான் முதல் மறுப்பு வரும். சாவு, கொலை, நோய்: பிஞ்சு மனத்துக்கு இதெல்லாம் எதற்கு? வாழ்க்கை ஒருநாள் காட்டத்தானே போகிறது, அதுவரை நிம்மதியாக இருக்கட்டுமே என்பார்கள். இந்தக் கவலையில் அன்பு இருக்கிறது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் இருட்டு பிள்ளைக்குப் புதிது என்று இந்தக் கவலை நினைத்துக்கொள்கிறது. லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலில் வரும் மெலிண்டா, உயர்நிலைப் பள்ளியில் சேரும் முன்பே, ஒரு விருந்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவள். உதவிக்குப் போலீசை அழைத்தாள். விருந்தைக் கெடுத்தவள் என்று பள்ளியே அவளை ஒதுக்குகிறது. அவள் பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோகிறது. ஓவிய வகுப்பில் அவள் எடுத்த சீட்டில் 'மரம்' என்று வருகிறது. அந்த வருடம் முழுக்க மரத்தை மட்டும்தான் வரையவேண்டும். முதலில் வரைந்தவையெல்லாம் உயிரில்லாத மரங்கள். கடைசியில் தன் பழைய தோழியை, அந்தக் கொடுமையைச் செய்த அதே ஆள் நெருங்குவது தெரிந்தபோது, நூலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் எழுதித் தெரிவிக்கிறாள். வாய் திறக்கவில்லை, எழுதுகிறாள். அவளுடைய முடிவு அதுதான். தோழி நம்பமறுத்துக் கோபித்துக்கொண்டு போகிறாள், விலை அதுதான். இந்தப் புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து நீக்கச் சொல்லி அமெரிக்காவில் பலமுறை குரல் எழுந்திருக்கிறது. நீக்கினால் யாரைக் காப்பாற்றியதாகும்? நடந்ததைச் சொல்லச் சொல்லில்லாமல் நிற்கும் பிள்ளைக்கு, சொல்வதற்கு ஒரு வழி உண்டு என்று காட்டிய புத்தகம் கைக்கு எட்டாமல் போகும். நடந்தது நடந்ததாகவே இருக்கும்.

இருட்டாக இருப்பதே சிறப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. ராபர்ட் கார்மியரின் 'தி சாக்லேட் வார்' (1974) இதில் கடினமான சோதனை. பள்ளிக்கு நிதி திரட்ட எல்லா மாணவரும் சாக்லேட் விற்கவேண்டும் என்கிறார்கள். ஜெர்ரி என்ற ஒருவன் மட்டும் மாட்டேன் என்கிறான். ஆசிரியரும், பள்ளிக்குள் ரகசியமாக இயங்கும் மாணவர் கும்பலும் சேர்ந்து அவனை நொறுக்குகிறார்கள். கடைசியில் அவன் அடிபட்டு விழுகிறான், மறுத்ததே தப்பு என்று எண்ணும் அளவுக்கு உடைகிறான். கதையின் முடிவை மாற்றச் சொன்ன பதிப்பாளர்களுக்குக் கார்மியர் இணங்கவில்லை. இந்த நாவலை எல்லாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. மனம் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம். ஆனால் நல்லவன் கடைசியில் வெல்வான் என்று மட்டுமே கேட்டு வளர்ந்து, முதல் தோல்வியில் தன்னையே கெட்டவன் என்று நம்பிவிடும் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான நாவல் இல்லை. தோற்றவன் தவறியவன் ஆகிவிடமாட்டான் என்பதை, அந்தச் சொற்களைப் பயன்படுத்தாமலே கார்மியர் உணரவைக்கிறார்.

முடிவு இல்லாத கதை எது, எல்லாச் சாகசக் கதையிலும் நாயகன் முடிவெடுக்கத்தானே செய்கிறான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் விலையையும் சேர்த்துச் சொன்னேன். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) கோடிக்கணக்கில் விற்ற நாவல். அதன் தொடக்கத்திலேயே தங்கைக்குப் பதிலாகக் கொலைக்களத்துக்குப் போக காட்னிஸ் முன்வருகிறாள். அந்த முடிவுக்கு அவள் மூன்று புத்தகங்களிலும் விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், அதனால் அது என் சோதனையில் தேறுகிறது. அதைப் பார்த்துப் பிறகு குவிந்த பல நாவல்களில் பிள்ளைகள் அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், காதலனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்ததால் எதையும் இழப்பதில்லை. அவற்றை வாசிப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் நினைவில் தங்காது. எதிர்முனையில் அர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) இருக்கிறது. தன் திறமையைக் காட்டும் செருக்கில் கெட் என்ற மாணவன் ஒரு மந்திரத்தைப் போட, இருளுலகிலிருந்து ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. முகத்தில் தழும்போடு, நாவல் முழுக்க அவன் அந்த ஒரு நிமிடச் செருக்குக்குக் கடன் அடைக்கிறான். ஓடி ஓடிக் களைத்து, ஒரு கட்டத்தில் திரும்பி நின்று அவனே அந்த நிழலைத் துரத்தத் தொடங்குகிறான். மந்திரமும் டிராகனும் நிறைந்த அந்த நாவலில் உண்மையான சாகசம் என்று நான் கருதுவது அந்தத் திரும்புதலை.

இவையெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதைகள், நம் பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்பது இன்னொரு மறுப்பு. முதலில் ஒரு செய்தி: எர்த்சீயின் கெட் வெள்ளையன் இல்லை, செம்பழுப்பு நிறத்தவன். அவனை வெள்ளையனாக்கி 2004இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். இரண்டாவது, நம் ஊரிலேயே நடக்கும் கதைகளும் இந்த வகையில் உண்டு. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் கடலியல் படித்த பத்மா வெங்கட்ராமனின் 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்' (2008) நாவலில் 1941இல் வித்யாவுக்கு 15 வயது. கல்லூரிக்குப் போவது அவள் கனவு. பம்பாயில் நடந்த போராட்டமொன்றில் போலீஸ் தடியால் தலையில் அடிபட்டு அவள் அப்பாவுக்கு மூளை பாதிக்கப்பட, குடும்பம் மதராஸில் தாத்தாவின் கூட்டுக்குடும்பத்துக்கு வந்து சேர்கிறது. பெண்களுக்குக் கீழ்த்தளம், ஆண்களுக்கு மாடி. மாடியில்தான் நூலகம். அவள் அந்தப் படிகளில் ஏறித் தாத்தாவிடமே அனுமதி கேட்கிறாள். அந்தக் காலத்து அக்கிரகார வீட்டை அறிந்தவர்களுக்கு அந்த மாடிப்படி எவ்வளவு உயரம் என்று விளக்கவேண்டியதில்லை. வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) அடிக்கும் அப்பாவிடமிருந்து அக்கா ருக்குவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ஓடிவரும் விஜியின் கதை. ருக்கு மனவளர்ச்சி குன்றியவள், பாசிமணி கோப்பதில் கெட்டிக்காரி. பாழடைந்த ஒரு பாலத்தின் மேல் இரண்டு பையன்களோடு சேர்ந்து வாழ்கிறார்கள். சென்னை வாசகருக்கு அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம் தானாக நினைவில் எழும். நாவல் முழுவதும் இறந்துபோன அக்காவுக்கு விஜி எழுதும் கடிதம். தன் முடிவு சரியா தவறா என்று கேட்க, பதில் சொல்லவேண்டிய ஆள் இல்லை. இலங்கைப் பக்கம் ஷியாம் செல்வதுரையின் 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ' (2005) இருக்கிறது. 1980இன் கொழும்பு, 14 வயது அம்ரித், கனடாவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன்மேல் தனக்கு எழுவது காதல் என்று அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளும் கதை. பள்ளியில் அவர்கள் ஒத்திகை பார்ப்பது 'ஒத்தெல்லோ'. பொறாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாடகம் கிடையாது.

தமிழில்தான் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறதே, தலைமுறை தலைமுறையாகப் பதின்மூன்று பதினான்கு வயதில் அதைத்தானே படித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய உண்மை, அதற்கு நான் நன்றியுள்ளவன். தமிழில் வாசகராவதற்கு வந்தியத்தேவன் திறந்துவிட்ட கதவு போல இன்னொன்று இல்லை. ஆனால் வந்தியத்தேவனுக்குப் பள்ளி இல்லை, வீட்டில் அதட்டும் அப்பா இல்லை, மாறிக்கொண்டிருக்கும் உடலைப் பற்றிய கூச்சம் இல்லை. அவன் வாசகரைத் தன் உலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், அவர்களுடைய உலகத்துக்குள் வருவதில்லை. இன்னொரு பக்கம் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', 'நிழல்முற்றம்' போன்றவை இருக்கின்றன: கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கக் கட்டப்பட்ட கூளையன், சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்கள். இவை பதின்பருவத்தினரைப் பற்றிய நாவல்கள். பதின்பருவத்தினருக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் 16 வயதைத் தாண்டிய, கொஞ்சம் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு 'கூளமாதாரி'யைத் தயங்காமல் கொடுப்பேன். தன் வயதுப் பையன் ஒருவனுக்கு முடிவெடுக்கும் உரிமையையே சாதி விட்டுவைப்பதில்லை என்பதை, நகரத்தில் படிக்கும் பிள்ளை வேறெங்கே இவ்வளவு அருகில் பார்க்கப்போகிறது? ஆடுகளின் பெயர்கள், பனையோலை, வெயில், பசி என்று அந்த மேட்டுக்காட்டை முழுதாக உணரவைக்கும் நாவல் அது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், தமிழிலேயே யோசித்து, பத்தாம் வகுப்புப் பிள்ளையை நேராகப் பார்த்து எழுதிய நாவல்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும். சிறுவர் கதைக்கும் பெரியவர் நாவலுக்கும் நடுவில் நம் பிள்ளைகள் தாண்டவேண்டிய இடைவெளி பெரிது, அதில் விழுந்து வாசிப்பையே விட்டவர்கள் பலர்.

பரிந்துரைப்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நான் சொன்ன எந்த நாவலையும் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பெரும்பாலானவை ஓரிரு நாளில் முடியக்கூடியவை. கொடுத்தபின் 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்தவுடன் நாவல் பாடப்புத்தகமாகிவிடும். அந்தப் பிள்ளையே ஏதாவது பேசத் தொடங்கினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். மெலிண்டாவுக்கு ஒரு வருடம் பிடித்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' அல்லது 'தி அவுட்சைடர்ஸ்' என்பேன், பிறகு 'தி கிவர்', 'ஸ்பீக்'. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு 'தி பிரிட்ஜ் ஹோம்' எளிது, அதன் தெருக்களும் தெரிந்த தெருக்கள். கார்மியரைக் கடைசியில் வையுங்கள். ஹின்டனின் நாவல் 200 பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சனிக்கிழமை போதும்.